இன்சுலின் பம்பும் குழந்தையின் இருபத்து நான்கு மணி நேரமும்

“பம்பு வச்ச பொறவும் புள்ள வெரல்ல எதுக்கு ஊசி குத்துதிய?”

கொற்கைப் பக்கத்திலிருந்து பேத்தியை அழைத்துவந்த ஓர் ஆச்சி, எங்கள் நீரிழிவுக் கல்வி வகுப்பில் கேட்ட கேள்வி இது. கேள்வி நியாயமானது. பம்பின் விலை சில லட்சம் ரூபாய். அதன் பிறகு மாதந்தோறும் குழாய், இன்சுலின் கலம், ஒட்டுப்பட்டை என்று செலவு தொடர்கிறது. அவ்வளவு கொடுத்து வாங்கிய கருவி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு குடும்பம் எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் பம்பு நாம் சொன்னதை மட்டுமே செய்யும். குழந்தை இரண்டு இட்லி சாப்பிட்டதா, நான்கு சாப்பிட்டதா என்பது அதற்குத் தெரியாது. பள்ளித் திடலில் ஓடியதும் காய்ச்சலில் படுத்திருப்பதும் அதற்கு ஒன்றே. சென்சாருடன் இணைந்து இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய பம்புகளுக்கும்கூட உணவைச் சொல்ல வேண்டும். குழாயை மாற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். ஆகவே காலை முதல் மறுநாள் காலை வரை பம்பின் அளவுகளை எப்படி அமைப்பது, எப்போது மாற்றுவது, எப்போது அதை நம்பாமல் கையில் ஊசியை எடுப்பது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பம்பு இல்லாமல் பேனா ஊசியோ சிரிஞ்சோ பயன்படுத்தும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தாமிரபரணிக் கரையில் முதல்வகை நீரிழிவுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் ஊசியில்தான் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். உணவுக்கான கணக்கும் தாழ்சர்க்கரைக்கான முதலுதவியும் காய்ச்சல்கால விதிகளும் இரு சாராருக்கும் பொது.

முதல்வகை நீரிழிவில், உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இனிப்பு மிகுதியாகக் கொடுத்ததால் இந்நோய் வந்தது என்று தாயைக் குறைசொல்லும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குமேல் வாழவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் காடிஷ் செய்த முதல் பம்பு முதுகில் சுமக்கும் பை அளவு இருந்தது. 1978-இல் லண்டனில் ஜான் பிக்கப், ஹாரி கீன் ஆகியோர், சிறு பம்பினால் தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். இன்று உங்கள் குழந்தையின் இடுப்பில் இருக்கும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி அந்த வழியில் வந்தது.

கணக்கு விளங்குவதற்காக ஒரு குழந்தையை மனத்தில் வைத்துக்கொள்வோம். எட்டு வயதுச் சிறுமி; எடை 25 கிலோ; ஒரு நாளில் அவளுக்கு வேண்டிய மொத்த இன்சுலின் 20 யூனிட். இனி வரும் எண்கள் யாவும் இந்தச் சிறுமிக்கே உரியவை. உங்கள் குழந்தைக்கான எண்களை உங்கள் மருத்துவர் எழுதித் தந்திருப்பார்; அவற்றை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடிப்படை அளவு

உணவே உண்ணாவிட்டாலும் உடலுக்கு இன்சுலின் வேண்டும். கல்லீரல் இரவும் பகலும் சிறிது சிறிதாகச் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு ஈடாகப் பம்பு துளித்துளியாகச் செலுத்துவதே அடிப்படை அளவு. மருத்துவர்கள் இதைப் ‘பேசல்’ என்பார்கள். குழந்தைகளுக்கு ஒரு நாளின் மொத்த இன்சுலினில் இது பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். நம் சிறுமிக்கு 40 சதவீதம் என்று கொண்டால் 8 யூனிட். அதை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பிரித்தால் மணிக்கு 0.33 யூனிட் வரும்.

ஆனால் உடல் அப்படிச் சமமாகப் பிரித்துக் கேட்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குமேல் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் கூடும்போது சர்க்கரை ஏறும். பருவமடையும் வயதினருக்கு இந்த விடியற்கால ஏற்றம் மிகத் தெளிவாகத் தெரியும். சின்னஞ்சிறு குழந்தைகளிடமோ வேறொன்றைக் காண்கிறோம்: அவர்களுக்கு இரவு தூங்கப்போன பின், நள்ளிரவுக்கு முந்தைய சில மணி நேரத்தில்தான் தேவை கூடுகிறது. எட்டு வயது இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதால் நம் சிறுமிக்கு இரண்டு நேரத்திலும் சிறிது கூட்டியிருக்கிறோம். நள்ளிரவு முதல் 3 மணி வரை மணிக்கு 0.25, 3 முதல் காலை 7 வரை 0.40, 7 முதல் மாலை 6 வரை 0.30; 6 முதல் நள்ளிரவு வரை மீண்டும் 0.40. கூட்டிப் பாருங்கள், 8 யூனிட்டை ஒட்டி வரும்.

இந்த அமைப்பு சரிதானா என்று அறிவது எப்படி? உணவின் தலையீடு இல்லாத நேரத்தில் பார்க்க வேண்டும். இரவுணவை மாலையிலேயே, கொழுப்புக் குறைவாக முடித்துவிட்டு, உணவின் பாதிப்பும் அதற்குக் கொடுத்த இன்சுலினும் ஓய்ந்த பின், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். அல்லது சென்சாரின் கோட்டைப் பாருங்கள். ஏற்றமும் இறக்கமும் 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் அளவு பொருந்துகிறது. அதற்குமேல் ஒரே திசையில் போனால், 10 சதவீதம் மாற்ற வேண்டியிருக்கலாம். அந்த மாற்றத்தைச் சர்க்கரை ஏறும் நேரத்தில் வைக்கக் கூடாது. ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாகவே வைக்க வேண்டும். தோலடியில் செலுத்திய இன்சுலின் வேலைசெய்ய அவ்வளவு நேரம் எடுக்கும். ஐந்து மணிக்கு ஏறுகிறதென்றால் மூன்று மணியின் அளவைத் திருத்துங்கள். ஒரே ஓர் இரவைப் பார்த்து மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று இரவுகள் ஒரே போக்கில் இருந்தால்தான் அது உண்மையான போக்கு. காய்ச்சல் நாளிலும் கொடைவிழாவில் கண்விழித்த மறுநாளிலும் இந்தச் சோதனை செய்வது வீண்.

சிறியதாகத் தோன்றும் ஒரு செய்தி: பம்பின் கடிகாரம். பேட்டரி மாற்றிய பின் நேரத்தைப் பதியும்போது காலை, மாலை மாறிப்போனால், விடியற்கால அளவு பிற்பகலில் போகும். பகலுக்கான உணவு விகிதம் இரவில் வேலைசெய்யும். காரணம் தெரியாமல் நான்கு நாள் தவித்த குடும்பங்கள் உண்டு. பேட்டரி மாற்றும்போதெல்லாம் நேரத்தையும் தேதியையும் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

காலை உணவு

உணவுக்கு முன் செலுத்தும் அளவைப் ‘போலஸ்’ என்பார்கள். எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பதே இங்கு விகிதம். முதல் மதிப்பீட்டுக்கு 500 என்ற எண்ணை ஒரு நாளின் மொத்த யூனிட்டால் வகுப்பது வழக்கம். 500-ஐ 20-ஆல் வகுத்தால் 25. அதாவது 25 கிராமுக்கு ஒரு யூனிட். குழந்தைகளுக்குக் காலையில் இது போதுவதில்லை. 330-ஐ வகுத்துப் பார்க்கலாம். நம் சிறுமிக்கு 16.5 வருகிறது. ஆகக் காலையில் 16.5 கிராமுக்கு ஒரு யூனிட், மற்ற வேளைகளில் 25 கிராமுக்கு ஒரு யூனிட் என்று தொடங்குகிறோம்.

நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறத்தாழ 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். மூன்று இட்லிக்கு 33 கிராம் என்று வைத்தால் 2 யூனிட் தேவை. உணவுக்கு முன் சர்க்கரை 200 இருக்கிறது, இலக்கு 110 என்றால், மிகுதி 90-ஐ இறக்கத் தனியே கொஞ்சம் வேண்டும். அதற்கு 1800 என்ற எண்ணை மொத்த யூனிட்டால் வகுக்கிறோம்: 1800-ஐ 20-ஆல் வகுத்தால் 90. இந்தச் சிறுமிக்கு ஒரு யூனிட் 90 மில்லிகிராம் சர்க்கரையை இறக்கும் என்பது இதன் பொருள். எனவே 2-உம் 1-உம் சேர்ந்து 3 யூனிட். பம்பே இந்தக் கூட்டலைச் செய்துவிடும். ஆயினும் தாயோ தந்தையோ தாளில் ஒருமுறை போட்டுப் பழகியிருந்தால்தான் பம்பு தவறான எண்ணைக் காட்டும்போது மனம் துணுக்குறும்.

உங்கள் வீட்டு இட்லித் தட்டின் குழி எவ்வளவு ஆழம் என்பது எங்களுக்குத் தெரியாது. பத்து நாளைக்கு ஒரு சிறு தராசை அடுப்படியில் வையுங்கள். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து; 200 மில்லி பாலில் ஏறத்தாழ 10 கிராம். பத்து நாளில் கண்ணே தராசாகிவிடும். இந்தப் பகுதிக்கே உரிய ஒரு நம்பிக்கையையும் இங்கே பேசியாக வேண்டும். கருப்பட்டி ‘நல்லது’ என்பதால் கருப்பட்டிக் காபிக்கும் பதநீருக்கும் கணக்கு வேண்டாம் என்று பலர் எண்ணுகிறார்கள். கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான். பதநீரைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு தம்ளர் பதநீர் இரண்டு இட்லிக்குக் குறையாத மாவுச்சத்து. நுங்கும் பனங்கிழங்கும் அப்படியே கணக்கில் சேர வேண்டியவை.

இன்சுலினை உணவுக்குச் சுமார் 15 நிமிடம் முன்னதாகச் செலுத்துவது நல்லது. பள்ளிப் பேருந்து வரும் அவசரத்தில் சாப்பிட்டு முடித்தபின் கொடுக்கும் வழக்கமே காலை பத்து மணி ஏற்றத்துக்குப் பெரும் காரணம். குழந்தை பாதியில் தட்டைத் தள்ளிவிடும் என்ற அச்சம் இருந்தால், நிச்சயம் உண்ணும் இரண்டு இட்லிக்கு மட்டும் முன்பே கொடுத்து, மூன்றாவதைத் தொட்டபின் மீதியைக் கொடுங்கள். ஊசியில் இது இரண்டு குத்து. பம்பில் ஒரு பொத்தான்.

திருத்தத்தின்மேல் திருத்தம்

காலை ஏழரைக்குக் கொடுத்தோம். ஒன்பதரைக்கு 220 காட்டுகிறது. பதற்றத்தில் உடனே இன்னொரு முழு அளவைக் கொடுப்பது பெற்றோர் செய்யும் தவறுகளில் முதன்மையானது. முன்னே கொடுத்த இன்சுலின் இன்னும் உடலில் வேலைசெய்துகொண்டிருக்கிறது. இலக்கு 110; மிகுதி 110; 90-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.2 யூனிட் தேவை. உடலில் இன்னும் 0.9 இருப்பதாகப் பம்பு காட்டினால், கொடுக்க வேண்டியது 0.3 மட்டும். அந்த 0.9-ஐப் பொருட்படுத்தாமல் 1.2 கொடுத்த குழந்தை பதினோரு மணிக்கு வகுப்பறையில் வியர்த்து நடுங்கும்.

இன்சுலின் எத்தனை மணி நேரம் வேலைசெய்யும் என்று பம்பில் பதிந்திருப்பதும் முக்கியம். பெரும்பாலும் இது மூன்று முதல் நான்கு மணி நேரம். வீட்டில் யாரும் இதை மாற்ற வேண்டாம். குறைத்து வைத்தால், உடலில் இருக்கும் இன்சுலினை இல்லை என்று பம்பு சொல்லும்.

பள்ளியும் விளையாட்டும் ஆறும்

ஓடி விளையாடும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. விளையாட்டு வகுப்பு எப்போது என்று முன்பே தெரிந்தால், 90 நிமிடம் முன்னதாக அடிப்படை அளவைத் தற்காலிகமாகப் பாதியாகக் குறைக்கலாம். குழந்தைகளின் விளையாட்டு அப்படி அறிவித்துவிட்டு வருவதில்லை. மதிய இடைவேளையில் திடீரென்று கபடி தொடங்கிவிடும். அப்போது 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, ஒரு சிறு வாழைப்பழம் போல, கூடுதலாகக் கொடுப்பதே எளிது. மாலை நெடுநேரம் ஆடிய நாளில் இரவில்தான் சர்க்கரை தாழும். அன்றிரவு அடிப்படை அளவை 20 சதவீதம் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆற்றில் குளிக்கப் போகும்போது பம்பைக் கழற்றலாம். ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம். கழற்றிய பம்பைப் படித்துறையின் வெயிலில் வைத்துவிட்டு நீந்தப் போகாதீர்கள். ஈரத்துணி சுற்றிய ஒரு டப்பாவில், நிழலில், யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அறைகளுக்குள் நுழையுமுன்னும் கழற்ற வேண்டும்.

பள்ளி ஆசிரியருக்கு ஒரு பக்கத்துக்குமேல் எழுதிக் கொடுக்காதீர்கள். அதற்குமேல் இருந்தால் யாரும் படிப்பதில்லை. தாழ்சர்க்கரையின் அடையாளம், உடனே கொடுக்க வேண்டியது, உங்கள் தொலைபேசி எண் ஆகியவை போதும்.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம் வீதம் விரைவில் கரையும் சர்க்கரை கொடுக்க வேண்டும். 25 கிலோ சிறுமிக்கு ஏறத்தாழ 8 கிராம். இரண்டு சிறு தேக்கரண்டிச் சீனி நீரில் கரைத்து, அல்லது குளுக்கோஸ் பொடி. கடலைமிட்டாயும் சாக்லேட்டும் கொழுப்பு சேர்ந்தவையாதலால் மெல்லவே வேலைசெய்யும்; அவற்றைப் பிறகு கொடுக்கலாம். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பம்பை நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். வீட்டில் குளுக்ககான் ஊசி இருந்தால், 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராம், 25 கிலோவும் அதற்குமேலும் உள்ளவருக்கு ஒரு மில்லிகிராம்.

சொதியும் பரோட்டாவும், அதற்குப் பின் ஓர் இரவும்

தேங்காய்ப் பாலில் செய்த சொதியில் மாவுச்சத்து குறைவு, கொழுப்பு மிகுதி. பரோட்டாவில் இரண்டும் மிகுதி. கொழுப்பு, உணவு வயிற்றைவிட்டு இறங்குவதைத் தாமதப்படுத்துவதால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் வரை சர்க்கரை நன்றாக இருந்து, பிறகு மூன்றாம் மணி முதல் மெல்ல ஏறும். பம்பின் சிறப்பு இங்கே தெரிகிறது. அளவின் ஒரு பகுதியை உடனேயும், மீதியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரப்பியும் செலுத்தலாம். எத்தனை பங்கு, எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொரு குழந்தைக்கும் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை வகுப்பில் விரிவாகச் சொல்லி வந்தோம். அதனால் நேர்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுச் சிறுவன். மாலையில் பரோட்டா சாப்பிட்டான். இரவு ஒன்பது மணிக்குக் குழாய் மாற்றும் முறை வந்தது, மாற்றினார்கள். பதினொரு மணிக்குச் சர்க்கரை 240. பம்பு வழியே திருத்த அளவு கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு 330. ‘பரோட்டாவின் கொழுப்பு இப்போது ஏறுகிறது’ என்று அந்தத் தாய் எண்ணினார். எங்கள் வகுப்பில் கேட்டதையே நினைவுகூர்ந்தார். மீண்டும் பம்பு வழியே கொடுத்தார். ஐந்து மணிக்குச் சிறுவன் வாந்தியெடுத்தான். அதையும் செரிமானக் கோளாறு என்றே கொண்டார்கள். விடிந்து மருத்துவமனைக்கு வந்தபோது மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது. தோலுக்கடியில் இருந்த மென்குழாய் மடிந்துபோயிருந்தது. இரவு ஒன்பது மணி முதல் ஒரு துளி இன்சுலினும் உள்ளே போகவில்லை. பிள்ளை தேறிவிட்டான். ஆனால் கொழுப்புணவைப் பற்றிச் சொன்ன அளவுக்கு மடிந்த குழாயைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை என்பது உண்மை. அந்தத் தாய் கேட்ட பாடத்தைச் சரியாகவே கேட்டிருந்தார்.

பம்பில் இருப்பது விரைந்து வேலைசெய்யும் இன்சுலின் மட்டும். ஊசியில் இருக்கும் குழந்தைக்கு நீண்டநேர இன்சுலின் தோலடியில் சேமிப்பாக இருக்கும். பம்பில் அந்தச் சேமிப்பு இல்லை. குழாய் அடைபட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கும்; அதன் பின் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தான அமிலநிலை உண்டாகலாம்.

ஆகவே காரணம் எதுவென்று தோன்றினாலும், சர்க்கரை 250-ஐத் தாண்டினால் கீட்டோன் பாருங்கள். இரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே இருந்தால், பம்பு வழியே ஒரே ஒரு முறை திருத்த அளவு கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். இறங்கத் தொடங்கவில்லையென்றால் அடுத்த அளவைப் பம்பு வழியே கொடுக்கக் கூடாது. சிரிஞ்சினாலோ பேனாவினாலோ கொடுத்துவிட்டுக் குழாயை முழுவதும் மாற்றுங்கள். கீட்டோன் முதலிலேயே 0.6 அல்லது அதற்குமேல் என்றால் நேரே ஊசிக்குப் போய்விடுங்கள். 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 3-ஐ எட்டினால், அல்லது எண் எதுவாயினும் வாந்தி நிற்காவிட்டால், உடனே புறப்படுங்கள். கீட்டோன் கருவி இல்லாதவர்கள் சிறுநீர்ப் பட்டையேனும் வைத்திருக்க வேண்டும்.

குழாயை இரண்டு அல்லது மூன்று நாளைக்கு ஒருமுறை, இடம் மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். ஒரே இடத்தில் பொருத்தினால் தோலடியில் கட்டியாகி இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. இன்னொன்று: படுக்கப்போகும் நேரத்தில் மாற்றாதீர்கள். காலை உணவுக்கு முன்னோ, பள்ளிவிட்டு வந்த உடனேயோ மாற்றினால், இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை சர்க்கரை பார்க்க எல்லோரும் விழித்திருப்பீர்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் வியர்வையில் ஒட்டுப்பட்டை விட்டுவிடும்; கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

காய்ச்சல்

சாப்பிடவில்லை என்பதற்காகப் பம்பை நிறுத்தக் கூடாது. காய்ச்சலில் உடலின் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் கீட்டோனும் பார்த்து, நீர் நிறையக் கொடுங்கள். வயிற்றுப்போக்கில் மட்டும் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். அப்போது அடிப்படை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைத்தல் வேறு, நிறுத்துதல் வேறு.

வெள்ளமும் வெப்பமும் சிவப்பு மூடியும்

2023 டிசம்பர் 17, 18 நாட்களை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ரயில் நின்றுபோனது. ஏரல் வட்டாரத்து ஊர்கள் பல, சாலையும் மின்சாரமும் இன்றித் தனித்தீவுகளாயின. கடல் பல கிலோமீட்டர் விலகிப்போன பழைய துறைமுகமான கொற்கைக்கும் ஆறுதான் அன்று கடலாக வந்தது. அப்படிப்பட்ட மூன்று நாட்களுக்குப் பம்பு வைத்த குழந்தையின் வீட்டில் என்ன இருக்க வேண்டும்?

முதலில், பம்பு நின்றால் போட வேண்டிய நீண்டநேர இன்சுலின். பம்பின் ஒரு நாள் அடிப்படை மொத்தத்தை ஒட்டியே அதன் அளவு அமையும். நம் சிறுமிக்கு 8 யூனிட் என்பது தொடக்கப் புள்ளி. சரியான எண்ணை மருத்துவர் எழுதித் தர வேண்டும். அது கிடைக்காத நிலையில், விரைவு இன்சுலினை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியால் கொடுத்துச் சமாளிக்கலாம். இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டும். மின்னூட்டம் வேண்டும் பம்பு என்றால் பவர் பேங்க். பேட்டரி போடுவது என்றால் புதிய பேட்டரிகள்.

அடுத்தது, மிகுந்த கவனம் வேண்டிய ஒன்று. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளது மற்றொன்று; அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. பம்பில் ஊற்றுவது 100 யூனிட் வகை. வெள்ளக் காலத்தில் முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ கிடைப்பது பெரும்பாலும் 40 யூனிட் குப்பியாக இருக்கும். அதைப் பம்பில் நிரப்பினால், ஒரு யூனிட் என்று பம்பு சொல்லும் இடத்தில் 0.4 யூனிட்தான் போகும். மேலும் அது பெரும்பாலும் பம்புக்குரிய விரைவு வகையாகவும் இராது. எனவே பம்பில் நிரப்பவே கூடாது. ஊசியாகப் போடலாம், சிவப்பு மூடி சிரிஞ்சில் மட்டும். அது எந்த வகை, எவ்வளவு போடுவது என்பதை அங்குள்ள மருத்துவரிடம் கேட்டு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அந்தக் குப்பியிலிருந்து 10 கோடு வரை எடுத்தால் 4 யூனிட்தான் வரும். இதன் மறுதலை கொடியது: 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் 25 யூனிட் போய்விடும். நம் சிறுமிக்கு அது ஒரு முழு நாளின் அளவைவிட மிகுதி. இரண்டு நிற மூடிகளையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

குளிர்பெட்டி நின்றுவிட்டால் இன்சுலின் வீணாகிவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். 2021-இல் ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலின் ஆற்றல் இழக்கவில்லை என்று கண்டார்கள். ஈர மணல் இட்ட பானைக்குள் சிறு பானை வைத்து, அதற்குள் குப்பியை நீர் புகாத உறையில் வைப்பது நல்ல வழி. கடற்கரையை ஒட்டிய ஈரக்காற்றில் பானை அவ்வளவு குளிராது என்பதால் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைமட்டும் பயன்படுத்தவே கூடாது. உருகித் தெளிந்த பின்னும் அது கெட்டதே. பனிக்கட்டியை ஒட்டி வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு தாள். பம்பு பழுதானால் உள்ளே இருந்த எண்கள் யாவும் அதனுடன் போய்விடும். நேரவாரியாக அடிப்படை அளவு, காலைக்கும் மற்ற வேளைக்குமான விகிதம், ஒரு யூனிட் இறக்கும் சர்க்கரை, இலக்கு, இன்சுலின் வேலைசெய்யும் நேரம், மாற்று நீண்டநேர இன்சுலினின் பெயரும் அளவும் ஆகியவற்றைக் கையால் எழுதி, தேதியிட்டு, நெகிழி உறையிலிட்டுக் குடும்ப அட்டையுடன் வைத்திருங்கள். குழந்தை வளர்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்கள் மாறும், பருவமடையும் ஆண்டுகளில் இன்னும் விரைவாக மாறும். அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது பழைய தாளைக் கிழிக்காமல் கொண்டுவாருங்கள். அதையும் பம்பின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்துப் புதியதை எழுதித் தருகிறோம்.